ஏழே முக்கால் கிலோ

முத்தியால்பேட்டை, புதுச்சேரி
22-1-1956

அன்புள்ள செல்வாம்பாளுக்கு,

உன்னைத் தாம்பரம் ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு, விழுப்புரத்தில் வண்டி மாறி, போன வாரமே ஒரு நாள் பொழுது சாய வீடு வந்து சேர்ந்தேன். இருமல் எப்படி இருக்கிறது? ஊசி ரொம்ப வலிக்கிறதா? ஜன்னல் ஓரக் கட்டில் கேட்டோமே, கொடுத்தார்களா? ஒன்றையும் விடாமல் எழுது.

இங்கே யாருக்கும் ஒரு குறையும் இல்லை. நான் வருவதற்குள் ராஜாம்பாள் அக்கா பாகூரிலிருந்து மூட்டை முடிச்சோடு வந்து அடுப்படியைப் பிடித்துக்கொண்டது. நீ அடுக்கி வைத்த டப்பா ஒன்றுகூட இப்போது அதன் இடத்தில் இல்லை. திரும்பி வந்ததும் சண்டை போட உனக்கு ஒரு விஷயம் தயாராக இருக்கிறது.

குழந்தை கொளஞ்சியை நம் சைக்கிள் கடைக்கே அழைத்துப் போகிறேன். ஒரு மரப்பெட்டியின் மேல் பலகையைக் கழற்றி, உள்ளே கோணி விரித்து, அதில் உட்கார வைத்துவிட்டேன். தலைகீழாக நிற்கிற சைக்கிளின் சக்கரத்தைச் சுற்றிவிட்டால் போதும், அது நிற்கும்வரை கண் கொட்டாமல் பார்க்கிறாள். மணி அடிக்கக் கற்றுக்கொண்டாள். சைக்கிளில் மீன் கூடை கட்ட வருகிற காசிலிங்கம் அண்ணன், "என்னாப்பா, ஒன்னரை வயசுப் புள்ள ஆறு மாசப் புள்ள கணக்கா இருக்குது?" என்று கேட்டார். அவர் எப்போதும் அப்படித்தான் பேசுவார். உனக்குத் தெரியும்.

கொளஞ்சி உன்னைத் தேடவே இல்லை. அதனால் அந்தக் கவலை உனக்கு வேண்டாம். சாப்பாட்டுக்கும் குறைவில்லை. உன் உடம்பை மட்டும் பார்த்துக்கொள்.

உன் நினைவாகவே இருக்கும்,
தெய்வசிகாமணி

—

தாம்பரம்
2-2-1956

அன்புள்ள மாமா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. நீங்களும் அண்ணியும் குழந்தையும் நல்லபடியாக இருக்க அம்மனை வேண்டிக்கொள்கிறேன். ஜன்னல் ஓரக் கட்டில் கிடைத்தது. வெளியே ஒரு வேப்பமரமும் அதற்கு அப்பால் ரயிலும் தெரிகின்றன. பக்கத்துக் கட்டிலில் கடலூர் முதுநகர் முத்தம்மாள் என்று ஒருத்தி. வாய் ஓயாது. இருமும்போது மட்டும்தான் நிறுத்துகிறாள்.

கொளஞ்சி என்னைத் தேடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நிம்மதியாக இருந்தது. "ஏண்டி அழுவுற?" என்று முத்தம்மாள் கேட்டாள். நிம்மதியில் அழுகிறேன் என்றேன்.

மாமா, உங்கள் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். சக்கரம் இருக்கிறது, மணி இருக்கிறது, மரப்பெட்டி இருக்கிறது. அவள் என்ன சாப்பிட்டாள் என்று ஒரு வார்த்தை இல்லை. "குறைவில்லை" என்றால் என்ன? மார்கழியில் டாக்டர் சொன்னதும் தாய்ப்பாலை நிறுத்தினேனே, அன்றிலிருந்தே அவள் எதையும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. இட்லி ஒன்றை எடுத்தால் அரை இட்லி என் புடவையில்தான் இருக்கும். அதற்குள் அண்ணி கையில் அவள் மாறிவிட்டாள் என்றால் நான் நம்ப வேண்டுமா?

இங்கே வாரா வாரம் எங்களை நிறுத்து எழுதுகிறார்கள். எனக்கு எண்பத்திரண்டு. அவளையும் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிப் போய் எடை பார்த்து எழுதுங்கள். டாக்டரிடமும் நன்றாகக் காட்டுங்கள். நான் எதற்காகச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். அதை எழுத எனக்குக் கை வரவில்லை.

அண்ணிக்கு என் வணக்கம். குழந்தைக்கு முத்தம்.

இப்படிக்கு,
செல்வாம்பாள்

—

முத்தியால்பேட்டை
15-2-1956

அன்புள்ள செல்வாவுக்கு,

ஊசியெல்லாம் உடம்பில் பிடிக்கிறதா? இருமல் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே மூன்று பேரும் சுகம்.

முதலில் ஒரு கேள்வி. எண்பத்திரண்டு என்று எழுதியிருக்கிறாயே, அது என்ன கணக்கு? ஒரு நெல் மூட்டையே அவ்வளவுதான் இருக்கும். கட்டில் தாங்குகிறதா? நம் வீட்டு வாசற்படியை இடித்துப் பெரிதாக்க வேண்டுமா? கொத்தனாரிடம் சொல்லி வைக்கிறேன்.

நீ சொன்னபடி கொளஞ்சியைப் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனேன். அக்காவும் கூட வந்தது. போகும் வழியெல்லாம், "புள்ளய நிறுத்தா கண்ணு பட்டுடும்டா" என்று ஒரே புலம்பல். தராசில் வைத்ததும் கொளஞ்சி போட்ட கூச்சலில் மூன்று அறைக்கு அப்பால் இருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். நர்ஸாக இருக்கும் கன்னியாஸ்திரி மதர் முள்ளைப் பார்த்து எட்டே கால் என்றார்கள். எனக்கு ஒரே சந்தோஷம். மதருக்கு என்ன சந்தேகம் வந்ததோ, பிள்ளையின் கவுனைத் தடவிப் பார்த்தார்கள். உள்ளேயிருந்து அக்காவின் சுருக்குப்பை வந்தது. அதற்குள் பாக்குவெட்டி, சுண்ணாம்பு டப்பா, பாகூர் வீட்டுச் சாவி. மதர் எல்லாவற்றையும் வரிசையாக மேசையில் வைத்து, "இதுவும் உங்க குழந்தையா, முசே?" என்று பிரெஞ்சு மரியாதை குறையாமல் என்னைக் கேட்டார்கள்.

அக்கா கொஞ்சமும் அசரவில்லை. "பச்சப்புள்ளய எதுக்குக் கொறச்சி எழுதணும்? நாலு பேரு பாக்குற காயிதம்" என்றது.

மறுபடி நிறுத்தபோது ஏழே முக்கால் கிலோ.

குறைவுதான். மறைக்கவில்லை. வயதுக்கு ஒன்பது பத்து இருக்க வேண்டுமாம். அதற்காக மனத்தைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. மீன் எண்ணெய் கொடுத்திருக்கிறார்கள். அதைப் பார்த்ததும் உன் மகள் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்தால் உடம்பில் தெம்பு இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

வாசற்படி அளவை உடனே எழுது.

அன்புடன்,
தெய்வசிகாமணி

—

தாம்பரம்
24-2-1956

அன்புள்ள மாமா அவர்களுக்கு,

அனைவரும் சுகமாயிருக்க வேண்டும். எனக்கு நேற்றிலிருந்து காய்ச்சல் இல்லை.

அண்ணியின் பாக்குவெட்டிக் கதையை முத்தம்மாளுக்குப் படித்துக் காட்டினேன். அவள் சிரித்து, இருமி, மறுபடி சிரித்து, கடைசியில் வார்டு சிஸ்டர் வந்து என்னை அதட்டிவிட்டுப் போனார்கள். எதிர்க் கட்டில்காரிகள் இன்னொரு முறை படிக்கச் சொன்னார்கள். அண்ணி இப்போது இந்த வார்டு முழுக்கப் பிரபலம்.

கொத்தனார் வேண்டாம். இங்கே கணக்கு ராத்தல். பிரெஞ்சுக்காரன் கிலோ இல்லை.

கொளஞ்சிக்கு ரசம் சாதத்தைக் குழையப் பிசைந்து, சூடு ஆறுமுன் கொடுத்தால் ஒரு வாய் வாங்குவாள். கீரைத்தண்டை நசுக்கிப் போடுங்கள். நெய்யை அவளுக்குத் தெரியாமல் விட வேண்டும், கண்டால் துப்புவாள். காக்கா காட்டினால் இரண்டு வாய் கூடப் போகும். பெரிய காக்காவாக இருக்க வேண்டும்.

நிறுத்தது எழுதினீர்கள், மதர் சொன்னது எழுதினீர்கள், அண்ணி சொன்னதும் எழுதினீர்கள். டாக்டர் என்ன சொன்னார் என்று எழுதவே இல்லையே?

இப்படிக்கு,
செல்வாம்பாள்

—

முத்தியால்பேட்டை
20-3-1956

அன்புள்ள செல்வாவுக்கு,

நீ எப்படி இருக்கிறாய்? இந்தத் தடவை இதைச் சம்பிரதாயத்துக்குக் கேட்கவில்லை.

உன் கடிதம் வந்து வெகு நாள் ஆகிவிட்டது. மாசி மகத்துக்கு வெளியூர்க் கூட்டம், வாடகைச் சைக்கிள் ஒன்றுகூடக் கடையில் தங்கவில்லை. அது ஒரு காரணம். இன்னொரு காரணம் மருந்துக்கடை அரிகிருஷ்ணன். பேச்சுவாக்கில் அவரிடம், எண்பத்திரண்டு ராத்தல் என்றால் எத்தனை கிலோ என்று கேட்டேன். ஒரு அட்டையில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "முப்பத்தேழு. எது, அரிசியா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வாசற்படி, கொத்தனார் என்றெல்லாம் எழுதியிருந்தேனே. அதைப் படித்துவிட்டு நீயும் கொத்தனார் வேண்டாம் என்று மட்டும் எழுதியிருக்கிறாய்.

செல்வா, அங்கே கொடுக்கிற முட்டையும் பாலும் உனக்கே போகிறதா? சத்தியமாகச் சொல்.

இங்கே மூன்று வேளையும் போர்தான். அக்கா கிண்ணத்தோடு துரத்துகிறது, கொளஞ்சி கட்டிலுக்கு அடியில் ஒளிகிறாள். வெளியே இழுத்து, மடியில் கிடத்தி, மூக்கைப் பிடித்து ஒரு வாய் போட்டால் அதைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு அரை மணி நேரம் இருக்கிறாள். விழுங்குவதும் இல்லை, துப்புவதும் இல்லை. ஒரு பக்கக் கன்னம் வீங்கின மாதிரி அப்படியே கடைக்கு வருகிறாள். பறவை நிழல் பட்டுப் பிள்ளை இளைக்கிறது, பறவை தோஷம் என்று ஒருவர் சொல்ல, அக்கா இடுப்பில் ஒரு கயிறு கட்டிவிட்டது. எடை ஏறவில்லை. கயிறுதான் இரண்டு முறை அவிழ்ந்து விழுந்தது.

டாக்டர் நல்ல மனிதர். பார்க்கலாம் என்றார்.

உடம்பைக் கவனி.
தெய்வசிகாமணி

—

முத்தியால்பேட்டை
1-4-1956

தங்கச்சி செல்வாவுக்கு அண்ணி ராஜாம்பாள் எழுதிக்கொள்வது.

நான் கூட்டிக் கூட்டித்தான் எழுதுவேன். தப்பு இருந்தா பொறுத்துக்கோ. உன் சீக்கு சீக்கிரம் ஓடிப்போவணும்னு மாரியம்மனுக்கு வேண்டிக்கினு இருக்கேன். நல்லா சாப்புடுறியா?

நான் நாளைக்கிப் பாகூர் போறேன். மல்லாட்டைக் கடலை பிடுங்கற நேரம். எங்க வீட்டுக்காரரு ஆளு கெடைக்காம அலையறாராம். தம்பி என்னைப் போவச் சொல்லலை, நானாத்தான் போறேன். ஆனா போவறதுக்கு முன்னாடி எங்களுக்குள்ள கொஞ்சம் பேச்சு ஆயிப்போச்சு. நேத்து புள்ளைக்கு ஊட்டும்போது மொத்தத்தையும் வாந்தி எடுத்துட்டா. தம்பி கிண்ணத்தைப் புடுங்கி, "போதும்க்கா, வுட்டுடு. நீயும் அழுவுற, அவளும் அழுவுறா" அப்படின்னான். நான் மூணு புள்ளைய வளத்தவ. எனக்குக் கோவம் வராதா? "நான் வுட்டுடறேன், நீயே ஊட்டிக்கோ" ன்னு சொல்லிட்டேன். அப்பறம் ரெண்டு பேரும் ஒரே கும்பாவுல சோறு போட்டுத் தின்னோம். கோவம் இல்லை இப்ப.

இந்த நெஞ்சுப் படம் வர்ற வரைக்கும் இருந்துட்டுப் போவலாம்னுதான் பாத்தேன். மொதல்ல எடுத்த படத்துல புள்ள ஆடிட்டா, கலங்கலாப் போச்சுன்னு மறுபடியும் எடுத்தாங்களே, அதைத்தான் சொல்றேன். கையில ஊசி போட்டு வட்டம் வரைஞ்சி பாத்ததும் உனக்குத் தெரிஞ்சிருக்கும். அம்மாவுக்குக் காசம் இருந்தா புள்ளைக்கும் பாத்துடணும்னு டாக்டரு சொன்னாராம். ஒண்ணும் இருக்காது. நீ கவலைப்படாத.

உன் அடுப்படியைக் கழுவி வச்சிட்டுத்தான் போறேன்.

இப்படிக்கு
உன் அண்ணி

—

தாம்பரம்
6-4-1956

மாமா அவர்களுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

அண்ணி எழுதிய கடிதம் வந்தது. எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்து எழுதியிருக்கிறார்கள். அவர்கள்மேல் தப்பு இல்லை.

கொளஞ்சிக்கு நெஞ்சுப் படம் எடுத்திருக்கிறார்கள். இரண்டு தடவை. நீங்கள் எனக்குக் கயிறு அவிழ்ந்த கதை எழுதினீர்கள்.

படம் என்ன சொல்கிறது? ஒரு வரி போதும். வேறு எதுவும் எழுத வேண்டாம். நான் கொடுத்துவிட்டேனா, இல்லையா?

செல்வாம்பாள்

—

முத்தியால்பேட்டை
10-4-1956

அன்புள்ள செல்வாவுக்கு,

இல்லை. நீ கொடுக்கவில்லை. படம் சுத்தம். கையில் போட்ட ஊசியும் தடிக்கவில்லை. இன்று காலையில்தான் சொன்னார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே தந்தி ஆபீசுக்குப் போய் உனக்குத் தந்தி கொடுத்துவிட்டு, கடையைக்கூடத் திறக்காமல் இதை எழுதுகிறேன். தந்தி முதலில் வந்திருக்கும்.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். எனக்கு அதில் ஒரு இழவும் புரியவில்லை. கோழிக்குஞ்சின் கூடு மாதிரி விலா எலும்புகள். "முசே, நெஞ்சு கண்ணாடி மாதிரி இருக்கு. அந்த வியாதி வராம இருக்கவும் இப்ப ஒரு ஊசி போட்டுடறேன்" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அடுத்த ஆளைக் கூப்பிட அவருக்குக் கை வேண்டியிருந்தது.

ஏன் மறைத்தேன் என்று நீ கேட்பாய். எழுதியிருந்தால் நீ அந்தக் கட்டிலில் படுத்திருக்க மாட்டாய். தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தே வந்திருப்பாய். அந்தப் பயத்தை நான் ஒருவனே வைத்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன். வைத்துக்கொள்ள முடியவில்லை. தினமும் காலையில் அவள் நெஞ்சில் காது வைத்துக் கேட்பேன். அவள் விளையாட்டு என்று நினைத்து என் முடியைப் பிடித்து இழுப்பாள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அவள் உன்னைத் தேடவில்லை என்று முதல் கடிதத்தில் எழுதியது பொய். தேடினாள். ஒரு மாதம் தேடினாள். உன் பழைய சீட்டிப் புடவையை மடித்துத் தலைக்கு வைத்த பிறகுதான் தூங்க ஆரம்பித்தாள்.

இனி எதையும் மறைக்க மாட்டேன். நீயும் மறைக்காதே. முட்டை எங்கே போகிறது?

தெய்வசிகாமணி

—

தாம்பரம்
16-4-1956

அன்புள்ள மாமா அவர்களுக்கு,

நீங்கள் இருவரும் சுகமாக இருங்கள். நூறு வயது இருங்கள்.

உங்கள் தந்தி என்ன பாடு படுத்தியது என்று கேளுங்கள். அந்தக் குமாஸ்தா இங்கிலீஷில் 'பிக்சர் கிளீன்' என்று இரண்டே வார்த்தை அடித்திருக்கிறார். தந்தி என்றதும் நான் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. சிஸ்டரிடம் கொடுத்தேன். அவர்கள் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "உன் வீட்டுக்காரர் ஏதோ நல்ல சினிமா பார்த்திருக்கார் போலிருக்கு. அதுக்கா தந்தி?" என்றார்கள். நான் ஓவென்று அழ, அவர்கள் பயந்துபோய், "நல்ல படம்னுதாம்மா எழுதியிருக்கு!" என்று மறுபடி சொல்ல, வார்டே எழுந்து உட்கார்ந்துவிட்டது. அழுகைக்கு நடுவே விஷயத்தைச் சொன்னேன். அப்புறம் சிஸ்டரும் மூக்கைத் துடைத்துக்கொண்டார்கள்.

முட்டையை முத்தம்மாளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பாதிப் பாலையும். தொண்டைக்குள் போகவில்லை மாமா. அங்கே அவள் சாப்பிடாமல் இருக்க, நான் இங்கே முட்டை உரித்துத் தின்பதா என்று இருந்தது. தந்தி வந்த அன்று சாயங்காலம் முட்டையை நானே தின்றேன். முத்தம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒன் புள்ளைக்கு ஒண்ணும் இல்லன்னதும் என் முட்டை போச்சா?" என்றாள். பிறகு அவளே தன் முட்டையில் பாதியைப் பிட்டுக் கொடுத்தாள்.

உங்கள்மேல் இருந்த கோபம் தீரவில்லை. பாதி மிச்சம் இருக்கிறது. வீட்டுக்கு வந்து தீர்த்துக்கொள்கிறேன்.

செல்வாம்பாள்

—

முத்தியால்பேட்டை
17-6-1956

அன்புள்ள செல்வாவுக்கு,

போன கடிதத்தில் எடை ஏறுகிறது என்று எழுதியிருந்தாய். நான் இப்போது ராத்தலிலும் கணக்குப் போடத் தேறிவிட்டேன், அதனால் நிஜமாகவே சந்தோஷப்பட்டேன். இங்கே இருவரும் நலம். வெயில்தான் மண்டையைப் பிளக்கிறது.

உனக்கு ஒரு அதிசயம் எழுத வேண்டும். உறுதியாகத் தெரியட்டும் என்று இவ்வளவு நாள் காத்திருந்தேன்.

அக்கா ஊருக்குப் போனதும் எனக்கு ஊட்டவும் தெரியவில்லை, துரத்தவும் தெம்பில்லை. ஒரு நாள் பெரிய மார்க்கெட்டுப் பக்கம் போய்விட்டுக் கிழங்கான் மீன் வாங்கி வந்து குழம்பு வைத்தேன். பசி உயிர் போகிறது. தட்டில் சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றி, மீனை முள் நீக்கி வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன். திரும்பி வந்தால் உன் மகள் தட்டுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு கையும் சோற்றுக்குள். கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் ஒரு பிடி வாய்க்குள் போனது. பிறகு இன்னொரு பிடி. காரத்தில் மூக்கு ஒழுகுகிறது, விடவில்லை. நான் கதவுக்குப் பின்னால் அப்படியே நின்றுவிட்டேன். மூச்சு விட்டால்கூட நிறுத்திவிடுவாளோ என்று பயம்.

மறுநாள் அதே மீன், அதே சோறு. ஆசையாகப் பிசைந்து ஊட்டப் போனேன். வாய் பூட்டிக்கொண்டது. சரி என்று தட்டைக் கீழே வைத்துவிட்டு, பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன். சாப்பிட்டாள்! நாம் பார்க்கக் கூடாது, கெஞ்சக் கூடாது, காக்கா காட்டக் கூடாது. அவள் பாட்டுக்கு விட வேண்டும். ஒரு நாள் நாலு பிடி, ஒரு நாள் ஒன்றுமே இல்லை. ஒன்றுமே இல்லாத நாளில் நானும் ஒன்றும் பேசுவதில்லை. அதுதான் ரொம்பக் கஷ்டம்.

டாக்டரிடம் சொன்னேன். "அப்படியே விடுங்க. சாப்பாடுன்னா பயந்து கெடந்த குழந்தை" என்றார்.

அக்கா போன வாரம் மல்லாட்டை மூட்டையோடு வந்தது. விஷயத்தைச் சொல்லி, சுவரைப் பார்த்து உட்காரச் சொன்னேன். பாவம், முதுகு துடிக்கிறது அதற்கு. "தின்னுறாளாடா? என்னாடா பண்றா? மீன் தின்னாளா?" என்று சுவரிடமே கேட்டுக்கொண்டிருந்தது. கடைசியில் பொறுக்க முடியாமல் திரும்பிப் பார்த்துவிட்டது. தட்டு காலி. அக்கா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டது. கொஞ்ச நேரம் கழித்து வந்து, "நான் மூக்கைப் புடிச்சி ஊத்தினேனேடா" என்றது. நானும்தான் காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்றேன்.

எட்டரைக் கிலோ. சுருக்குப்பை இல்லாமல்.

அன்புடன்,
தெய்வசிகாமணி

—

தாம்பரம்
9-9-1956

அன்புள்ள மாமா அவர்களுக்கு,

கொளஞ்சிக்கு ஜுரம் முழுக்க விட்டுவிட்டது என்று நேற்று வந்த கடிதத்தில் பார்த்தேன். உங்களுக்கும் தூக்கம் கெட்டிருக்கும். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மணல்வாரி அம்மை போட்ட அன்றைக்கே எனக்கு எழுதினீர்கள். ஏறின எடையில் பாதி இறங்கிவிட்டது என்றும் எழுதினீர்கள். படித்ததும் பயந்தது உண்மைதான். ஆனால் ஒன்று சொல்கிறேன், பங்குனியில் பட்ட பாடு இந்தத் தடவை படவில்லை. தெரிந்த கவலை எவ்வளவோ மேல். அம்மை இறங்கினதும் பழையபடி தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள் என்று எழுதியதை முத்தம்மாளுக்கும் சொல்ல ஆசையாக இருந்தது. அவள்தான் போன மாதமே குணமாகி வீட்டுக்குப் போய்விட்டாளே. போகும்போது, "புதுச்சேரி வந்தா ஒன் நாத்தனாரைப் பாக்கணும்டி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எனக்குச் சளியில் கிருமி இல்லை என்று இரண்டு மாதமாகச் சொல்கிறார்கள். எடை தொண்ணூற்றேழு. ராத்தல்தான். இன்னும் ஒரு படம் எடுத்துப் பார்த்துவிட்டு, நன்றாக இருந்தால் கார்த்திகையில் அனுப்புவார்களாம்.

ஒரு கவலை. அவளுக்கு என் முகம் நினைவிருக்குமா? இதற்குச் சமாதானமாகப் பொய் எழுத வேண்டாம்.

செல்வாம்பாள்

—

முத்தியால்பேட்டை
10-12-1956

அன்புள்ள அண்ணி அவர்களுக்கு செல்வா எழுதுவது.

அண்ணா, பிள்ளைகள், மாடு கன்று எல்லாம் சுகம்தானே? நாங்கள் மூவரும் சுகம். மூவரும் என்று எழுத எவ்வளவு நன்றாக இருக்கிறது.

நீங்கள் அறுவடையை விட்டு வர முடியாமல் போனது மாமாவுக்கு வருத்தம். அதனால் நடந்ததையெல்லாம் நான் எழுதுகிறேன்.

போன மாதக் கடைசியில் வந்தேன். ஸ்டேஷனுக்கு மாமா கொளஞ்சியைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். ஓடிப்போய்க் கையை நீட்டினேன். அவள் என்னைப் பார்த்தாள், என் பெட்டியைப் பார்த்தாள், மாமாவின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "யாரும்மா வந்திருக்காங்க?" என்று மாமா கேட்டார். "ஆசுபத்திரி" என்றாள். அவளுக்கு நான் ஒரு ஊர் மாதிரி. அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்று சொல்லிச் சொல்லி, அந்த ஒரு வார்த்தைதான் மனத்தில் நின்றிருக்கிறது. மாமாவுக்கு முகம் செத்துவிட்டது. நான் சிரித்தேன். வண்டியில் வரும்போது மறுபக்கம் திரும்பிக்கொண்டேன்.

அண்ணி, நான் அவளைத் தூக்கவில்லை. கூப்பிடவும் இல்லை. தூக்கித் தூக்கிக் கொஞ்ச வேண்டும் என்று கை பரபரத்தது. ஆனால் நீங்கள் சுவரைப் பார்த்து உட்கார்ந்த கதை எனக்குத் தெரியுமே. நானும் அப்படியே இருந்தேன். துணி துவைத்தேன், அடுப்படி டப்பாக்களைப் பழைய இடத்தில் வைத்தேன். அவள் கதவோரம் நின்று வேவு பார்ப்பாள். நான் பார்த்தால் ஓடிவிடுவாள். ஒரு நாள் கடைக்கு மாமாவுக்குச் சோறு கொண்டு போனேன். பெட்டிக்குள் உட்கார்ந்துகொண்டு எனக்காக ஒரு தடவை மணி அடித்தாள். அவ்வளவுதான்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்தோம். நான் முதலில் மாமாவுக்கும் அவளுக்கும் பரிமாறினேன். நெத்திலி வறுத்திருந்தேன். அவள் சாப்பிடுகிறதை நேற்றுதான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பார்க்காத மாதிரிதான் பார்த்தேன். ஒரு கையால் சோறு, இன்னொரு கையில் மீன், வாயைச் சுற்றி மஞ்சள். நான் புடவையில் துடைத்துத் துடைத்து எடுத்த அந்தப் பிள்ளையா இது? என்னை அறியாமல் என் கை நீண்டுவிட்டது. அவள் தட்டின் ஓரத்தில் ஒரு நெத்திலியில் வால் முள் கனமாக இருந்தது. கிள்ளி எடுக்கப் போனேன்.

பளீரென்று ஒரு அடி, என் புறங்கையில்.

"என்னுது!" என்றாள். தட்டை இரண்டு கையாலும் இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கண்ணில் நெருப்பு. ஏழெட்டு நெத்திலியில் ஒன்றைக்கூடத் தர மாட்டாளாம்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கண்ணில் தண்ணீர் வருகிற மட்டும் சிரித்தேன். நான் சிரிப்பதை அவள் உற்றுப் பார்த்தாள். என் தட்டைப் பார்த்தாள். நான் இன்னும் போட்டுக்கொள்ளவில்லை, தட்டு காலியாக இருந்தது. என்ன நினைத்தாளோ, மாமா பக்கம் திரும்பி அதட்டினாள்:

"அப்பா! அம்மாக்குப் போடு!"

மாமா கையில் இருந்த சோற்றை அப்படியே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். கொளஞ்சிக்கு எங்கள் இரண்டு பேரையும் கவனிக்க நேரமில்லை. நெத்திலியை எண்ணிக்கொண்டிருந்தாள்.

எடை பத்துக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. டாக்டர், "பெருசா வளர மாட்டா, பொடிசாத்தான் இருப்பா. ஆனா ஆரோக்கியமா இருப்பா" என்றாராம். காசிலிங்கம் அண்ணன் இன்னும் ஏதாவது சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். இருக்கட்டும். பொங்கலுக்கு முன்னால் அவசியம் வாருங்கள், அண்ணி. உங்கள் கையால் சமைத்துப் போடுங்கள். யாரும் யாருக்கும் ஊட்ட வேண்டாம்.

நேற்று மாமா போட்ட சோற்றை நான் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

உங்கள் அன்புள்ள,
செல்வா